குழாயை எப்போது கழற்றுவது?

அன்புள்ள பிள்ளைக்கு,

உள்ளகப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே வருகிறீர் என்றறிந்து மகிழ்ந்தேன். விடுதியில் கால் வைத்த நாளிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி எழுதும் பொறுப்பும் உம்மோடு வரும். ஆகவே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மருந்தை மாற்றுவதற்கு முன், கிருமி எங்கே குடியிருக்கிறது என்று தேடும்.

பாடப்புத்தகத்துப் பற்றீரியா தனித்தனியே மிதக்கும். நீடித்த தொற்றுகளில் அது பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கதீற்றர், செயற்கை மூட்டு, இதய வால்வு, ஆறாத நீரிழிவுப் புண் என்று பிடிப்புக் கிடைத்த இடத்தில் ஒட்டி, சர்க்கரையும் புரதமும் டி.என்.ஏ.யும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழும். இதுதான் உயிர்ப்படலம். எங்கள் கிணற்றுக் கட்டில் படிந்த பாசியைப் போன்றது. எவ்வளவு இறைத்தாலும் பாசி போகாது. இறங்கித் தேய்க்கத்தான் வேண்டும்.

படலத்தின் அடியிலுள்ள கலங்களுக்கு ஒட்சிசனும் உணவும் குறைவு. அதனால் அவை பிரிவது அரிது. பெனிசிலின் வகை மருந்துகளோ சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கலத்தையே கொல்லும். உறங்கும் கலம் தப்பிவிடும். மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லும் அளவைப்போல் 100 மடங்கு, சிலவேளை 1000 மடங்கு மருந்தையும் படலம் தாங்கும். போதாக்குறைக்கு, நெருங்கி வாழும் கலங்கள் எதிர்ப்பு மரபணுக்களையும் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதிக்கும் ஏ.பி.எஸ்.ரி. அறிக்கை ஒரு மருந்து வேலை செய்யும் என்று சொல்லும். ஆனால் காய்ச்சல் இறங்காது. அறிக்கை பிழையல்ல. ஆய்வுகூடம் சோதித்தது படலத்திலிருந்து பிரித்து வளர்த்த கலங்களை. அந்த நேரத்தில் இன்னும் வலிய மருந்துக்குத் தாவாதேயும். நோயாளியைத் தலை முதல் கால் வரை பாரும்: எந்தக் குழாய் இன்னும் உள்ளே இருக்கிறது? எந்தச் சீழ் வடிக்கப்படவில்லை?

சலக்குழாய் போட்டவருக்குச் சலத்தில் பற்றீரியா குடியேறும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் விட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிடும். அப்படிக் குழாயோடு இருந்து, குறிகுணம் எதுவும் இல்லாதவரின் சலத்தில் கிருமி வளர்ந்ததற்காக மட்டும் மருந்து எழுதாதேயும். தொற்று உண்மையென்றால் பழைய குழாயை எடுத்து, புதியதிலிருந்து மாதிரி அனுப்பும்.

குழாய் இல்லாத இடத்திலும் படலம் உண்டு. நெருப்புக்காய்ச்சல் (தைபோயிட்டு) இந்தக் குடாநாட்டின் பழைய நோய். வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் பூமி இது. மலக்குழியின் கழிவு கல்லின் வெடிப்புகளூடே கிணற்றுக்கு எளிதில் வந்து சேரும். காய்ச்சல் மாறியவர்களில் சிலருக்குப் பித்தப்பைக் கல்லின்மேல் கிருமி படலம் கட்டி, ஆண்டுக்கணக்கில் மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். அவர்கள் நலமாகவே நடமாடுவார்கள். நோய் அடுத்த வீட்டில் வரும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் பரவத் தொடங்கிய நெருப்புக்காய்ச்சல் கிருமி வகை, செவ்றியாக்சோன் உட்படப் பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. வாயால் கொடுக்க அங்கே மிஞ்சியது பெரும்பாலும் அசித்ரோமைசின் ஒன்றுதான். ஆகவே எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டாத வைடல் இரத்தச் சோதனையை மட்டும் நம்பி மருந்து எழுதாதேயும். முதல் ஊசிக்கு முன் இரத்தக் கல்ச்சர் எடும். நோயாளி அதிர்ச்சி நிலையில் இருந்தால் மருந்தைத் தாமதிக்க வேண்டாம். இரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும்.

பலர் பாமசியில் வாங்கிய நாலு குளிசையைப் போட்டுவிட்டுத்தான் உம்மிடம் வருவார்கள். ஏசாதேயும். என்ன குளிசை, எத்தனை நாள் என்று ஆறுதலாகக் கேட்டு எழுதும். வைரசுக் காய்ச்சலுக்கு ஏன் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டாம் என்று விளங்கப்படுத்தும். மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. தமிழில் சொல்ல முடியாதது எதுவும் மருத்துவத்தில் இல்லை.

எதிர்ப்புப் பெற்ற பற்றீரியாவே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புதிய மருந்துகள் மெதுவாகத்தான் வருகின்றன. எனவே ஒவ்வொரு காலையும் விடுதியைச் சுற்றும்போது, ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா என்று வாய்விட்டுக் கேளும். மூத்தவர்கள் சலித்துக்கொண்டாலும் கேட்பதை நிறுத்தாதேயும்.

அன்புடன்,
உம்முடைய பழைய ஆசிரியர்