தொக்கணம்: உழைப்பவர் உடல்வலிக்கு ஒரு சிகிச்சை

நாவலூர் முதல் கோவளம் கடற்கரை வரையுள்ள ஊர்களில் உடல்வலி அறியாத உழைப்பாளியைக் காண்பது அரிது. நாற்று நடுவோர் பகல் முழுதும் குனிந்து நிற்கின்றனர். வலை இழுப்போரின் தோளுக்கு ஓய்வில்லை. அலுவலகம் செல்லும் நம் இளைஞரோ நாள் முழுதும் அமர்ந்திருந்தே கழுத்துவலிக்கு ஆளாகின்றனர். இத்தகைய வலிகளுக்குச் சித்த மருத்துவம் வகுத்துள்ள சிகிச்சையே தொக்கணம். அதன் பயனையும் எல்லையையும் ஊராட்சி உறுப்பினரும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தொக்கணம் யாது?

சித்த மருத்துவம் கூறும் புறமருந்துகள் 32. அவற்றுள் ஒன்றான தொக்கணம், தைலம் தடவியோ தடவாமலோ கைகளால் உடலைப் பிடித்துவிடும் முறையாகும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது 9 வகைப்படும். இதனால் இறுகிய தசை தளர்கிறது, வலியுணர்வு மட்டுப்படுகிறது, மனமும் அமைதியுறுகிறது. நெடுநாள் இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், உடற்பயிற்சியோடு பிடித்துவிடும் சிகிச்சைக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது.

வீட்டில் செய்யத்தக்கது

முறுக்கல், இழுத்தல் போன்றவை பயின்ற மருத்துவருக்கே உரியவை. வீட்டில் செய்யத்தக்கது இதமாகத் தடவுதலும் மெல்லப் பிடித்தலுமே. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தசைப்பகுதியில் தடவலாம். எலும்பின்மீதும் முதுகுத்தண்டின்மீதும் அழுத்தலாகாது. வலி மிகுந்தால் உடனே நிறுத்த வேண்டும். இது தரும் சுகம் பெரும்பாலும் சில நாட்களுக்கே நிற்கும். வலி திரும்பாதிருக்க உடற்பயிற்சியும், குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுமை எடுக்கும் பழக்கமும் வேண்டும்.

கை வைக்கலாகாத இடங்கள்

எலும்பு முறிவு, மூட்டுப் பிசகல், காய்ச்சல், புண் ஆகியவை உள்ளபோது தொக்கணம் கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். அதனைப் பிடித்துவிட்டால் உறைந்த கட்டி நுரையீரலை அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். இடுப்புவலியுடன் கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாது போயின் தாமதமின்றி மருத்துவமனை செல்லல் வேண்டும். நெஞ்சுவலி இடக்கைக்குப் பரவும்போது, "வாயுப் பிடிப்பு" என்றெண்ணித் தைலம் தேய்த்து நேரத்தைப் போக்குவோர் பலர். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம். உடனே 108 ஊர்தியை அழைப்பதே கடமை.

ஊராட்சியின் பணி

தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நமக்கு அருகிலேயே உள்ளது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு. எந்நிலையத்தில், எந்நாளில் சித்த மருத்துவர் இருப்பார் என்பதை உறுப்பினர்கள் விசாரித்து, ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பார்களாக. அடுத்த கிராம சபையில் மருத்துவரை அழைத்து, எவ்வலிக்குக் கை உதவும், எவ்வலிக்கு உதவாது என்பதை விளக்கச் செய்யலாம். செலவில்லாத இச்சிறு பணி ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.