பூவும் நாரும்

மலரை விரும்பாத மக்கள் உலகில் இலர். குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலும், மணமக்கள் மாலை மாற்றும் நாளிலும், மறைந்தோர்க்கு இறுதி வணக்கம் செலுத்தும் நாளிலும் மலரே முன்னிற்கின்றது. கபிலர் தாம் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை நிரல்பட அடுக்கியுள்ளார். கண்ணி, கோதை, தார், தொடையல், பிணையல் என மாலைக்குப் பல பெயர்களை வழங்கிய மொழி நம் மொழி. மலரைப் பாடியோர் பலர்; ஆயினும், அம்மலரைத் தாங்கி நிற்கும் கருவிகளைக் கருதியோர் சிலரே. 'பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்' என்பது பழமொழி. பூவினால் நாருக்கு வரும் சிறப்பை இப்பழமொழி கூறுகின்றது. நார் முதலிய கருவிகளால் பூவுக்கு வரும் நன்மையை இங்குக் காண்போம்.

செடியினின்று பறித்த அக்கணமே மலர் இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் தொடர்ந்து மூச்சு விடுகின்றன. இதழ்களின் வழியே நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கின்றது. செடியில் இருந்தபோது வேர் உறிஞ்சிய நீர், தண்டிலுள்ள நுண்குழாய்களின் வழியே ஏறி வந்து அவ்விழப்பை ஈடு செய்தது. பறித்த பின்னர் வரவு நின்றுவிடுகின்றது, செலவோ நிற்பதில்லை. வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம் நொடித்துப் போவது போல மலரும் வாடிப் போகின்றது. ஆகவே, மலர்த்தொழில் செய்வோர் முன்னே எந்நாளும் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. மலரை நோகாமல் பற்றுவது எவ்வாறு? அதன் நீரைக் காப்பது எவ்வாறு? ஒவ்வொரு நாட்டினரும் தத்தமக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை கண்டுள்ளனர்.

முதலில் நம் நாட்டார் கண்ட விடையைப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். மல்லிகையை மலர்ந்த பின்னர்ப் பறிப்பதில்லை. பொழுது புலர்வதற்கு முன்பே மொட்டாகக் கொய்கின்றனர். அது மாலைப்பொழுதில் இதழ் விரியும். அதற்குள் தோட்டத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து தொடுப்போர் கைக்கும், அவர் கையிலிருந்து சூடுவோர் கூந்தலுக்கும் அது சென்று சேர வேண்டும். எனவே, அதனைக் கட்டும் பொருள் மென்மை உடையதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய பொருள் வாழைநார்.

குலை ஈன்று வெட்டப்பட்ட வாழையின் மட்டைகளை உரித்துப் பட்டைகளாகக் கிழித்து வெயிலில் உலர்த்துவர். உலர்ந்த நார் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வரும். பூத்தொடுப்போர் அதனை நீரில் நனைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாக வகிர்ந்துகொள்வர். காய்ந்த நார் முறியும். நனைந்த நாரோ குழைந்து வளையும். நூல் உருண்டையானது, ஆதலின் இறுக்கும்போது இளங்காம்பை அறுத்துவிடக்கூடும். நார் தட்டையானது; ஆதலின் காம்பின் மேல் பரந்து படிந்து பற்றும். நார் ஏற்ற ஈரம் சிறிது நேரம் அதனுள் தங்கியிருத்தலால் காம்பைச் சூழக் குளிர்ச்சியும் நிலவும். பயன் முடிந்ததென்று பிறர் எறியும் மட்டையினின்று இத்துணை நுட்பமான கருவியைக் கண்டெடுத்த நம் முன்னோரின் அறிவை என்னென்பது!

தொடுக்கும் முறையையும் அறிதல் வேண்டும். இடக்கை விரல்களுக்கு இடையே நாரைப் பிடித்து, இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமாகவும், இரண்டு மொட்டுகளை எதிர்ப்பக்கமாகவும், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைப்பர். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கை விரல்களால் ஒரு சுருக்கிட்டு, அதனைக் காம்புகளின் மேல் மாட்டி இழுப்பர். தளர இழுத்தால் மொட்டு உதிரும். மிக இறுக்கினால் காம்பு அறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை ஏடு கற்பிக்க இயலாது, விரலே அறியும். தொடுத்த சரத்தை முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை அளந்து முழக்கணக்கில் விற்பர். தொடுக்கும் கருவியும் கையே; அளக்கும் கோலும் கையே. தெருவோரத்தில் அமர்ந்து, வருவோர் போவோரிடம் பேசிக்கொண்டே, கண் நோக்காமல் பூத்தொடுக்கும் பெண்மணியின் கைத்திறன் பல்லாண்டுப் பயிற்சியின் பயனாகும்.

எல்லாப் பூக்களுக்கும் ஒரே முறை பொருந்தாது. சம்பங்கி, அரளி போன்றவற்றை நீண்ட ஊசியால் நூலில் கோப்பர். கனத்த மாலைக்கு நாரைப் பல புரியாகச் சேர்த்து வலிமை ஊட்டுவர். துளசியும் மரிக்கொழுந்தும் இடையிடையே சேர்ந்து பசுமையும் மணமும் தரும். சரிகை இழை பொலிவு சேர்க்கும்; முனையில் தொங்கும் குஞ்சம் மாலைக்கு நிறைவு தரும். பூவைச் சுமந்து செல்ல ஓலையால் முடைந்த குடலையும் மூங்கிற்கூடையும் உதவின. பொதிந்து கொடுக்க வாழையிலை உதவியது. இவற்றின் உள்ளே காற்று புகும், ஈரமும் காக்கப்படும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலோ, மலர் வெளியிடும் நீராவி துளிகளாகத் தேங்கி மலரை அழுகச் செய்யும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் முதலியவற்றைத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் தடை செய்தது. பழைய இலைப்பொதியின் அருமையை நாம் மீண்டும் உணர இதுவும் ஒரு வாய்ப்பாயிற்று.

இனி, சப்பானியர் கண்ட விடையைக் காண்போம். நாம் மலரைத் தொடுத்து அணிகின்றோம். அவர்கள் மலரைக் கிளையோடு கலத்தில் நிறுத்தி அழகு காண்கின்றனர். 'இக்கெபானா' எனப்படும் அக்கலை, கியோட்டோ நகரத்து ரொக்காக்குடோ என்னும் பௌத்தக் கோயிலைச் சார்ந்த இக்கெனோபோ மரபினரால் 15-ஆம் நூற்றாண்டு முதலாக வளர்க்கப்பட்டது. தொடக்கத்தில், உயர்ந்த கலத்தினுள் வைக்கோற்கற்றைகளை இறுகச் செருகி, அவற்றிடையே கிளைகளை நிறுத்தினர். சில வகை அமைப்புகளில் கவைக்குச்சி ஒன்றே கிளையைத் தாங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் என்பவர் அகன்ற தாழ்ந்த தட்டில் மலர் அமைக்கும் புதுமுறையை வகுத்தார். தாழ்ந்த தட்டில் தண்டை நிறுத்துவது எவ்வாறு? கனத்த உலோக அடித்தட்டில் கூரிய பித்தளை ஊசிகள் நெருங்கி நிற்கும் கருவி அதற்குத் துணையாயிற்று. அதன் பெயர் 'கென்சான்'. 'வாள்மலை' என்பது அச்சொல்லின் பொருள். அதனை நீருள் அமிழ்த்தி, தண்டை ஊசிகளில் செருகினால் மலர் விரும்பிய சாய்வில் நிற்கும். நன்கு பேணினால் ஒரு கென்சான் பல்லாண்டுகள் உழைக்கும்.

சப்பானியர் கைக்கொள்ளும் மற்றொரு முறையும் அறியத்தக்கது. அவர்கள் தண்டின் அடியை நீருக்குள் வைத்தே வெட்டுகின்றனர். காற்றில் வெட்டினால், நுண்குழாயினுள் காற்றுக்குமிழி புகுந்து நீரின் வழியை அடைத்துவிடும். நீரினுள் வெட்டினால் காற்றுக்கு மாறாக நீரே உட்புகும். தண்டைச் சாய்வாக வெட்டுவதற்கும் காரணம் உண்டு. நேராக வெட்டிய தண்டு கலத்தின் அடியில் பொருந்தி அமர்ந்து நீர்வாயை மூடிக்கொள்ளும். சாய்வாக வெட்டியது அவ்வாறு மூடிக்கொள்ளாது. கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கிக் குழாய்கள் சிதையும். ஆதலின், கூரிய கத்தியே மலருக்குக் கருணை காட்டும் கருவி எனலாம். நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்துவிட வேண்டும்; இல்லையேல் அவை அழுக, நுண்ணுயிர்கள் பெருகிக் குழாய்களை அடைக்கும்.

மேலைநாட்டு மலர்க்கடைகளில் கருவிகள் இன்னும் பல. தளர்ந்த தண்டுக்கு வலிமை தர மெல்லிய இரும்புக் கம்பி உண்டு. அக்கம்பியை மறைக்க மெழுகேற்றிய தாள்நாடா உண்டு. இழுத்துச் சுற்றினால் அது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். சுருட்டிக் கலத்தினுள் வைக்கும் கம்பிவலையும் உண்டு. இவற்றோடு 1954-ஆம் ஆண்டில் புதியதொரு பொருள் சேர்ந்தது. அமெரிக்க நாட்டின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த வெர்னன் ஸ்மிதர்ஸ் என்பவர், நீரை உறிஞ்சித் தேக்கும் நுரைக்கட்டி ஒன்றை உருவாக்கினார். 'ஓயாசிஸ்' என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. பாலைவனச் சோலை என்பது அப்பெயரின் பொருள். அக்கட்டியை நீரில் மிதக்கவிட்டால் அது தானே நீரை ஏற்று மெல்ல அமிழும். பின்னர் எத்திசையிலும் மலரைச் செருகலாம். பற்றுதலும் நீரூட்டலும் ஒன்றாக நிறைவேறும். இன்று நம் ஊர்த் திருமண மேடைகளையும் வரவேற்பு மேசைகளையும் அலங்கரிப்போர் அப்பச்சைக் கட்டியைப் பெரிதும் கையாள்கின்றனர்.

இரண்டு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால், மூன்றாவது வினா ஒன்று எஞ்சியிருந்தது. மலர் வாடிய பின்னர் அக்கட்டி எங்கே செல்கின்றது? அது பீனால், பார்மால்டிகைடு என்னும் வேதிப்பொருள்களால் ஆகிய ஒருவகைப் பிளாஸ்டிக். உலர்ந்துபோனால் அது மீண்டும் செவ்வனே நீரை ஏற்பதில்லை. ஆகவே, பெரும்பாலும் ஒருமுறைப் பயனோடு எறியப்படுகின்றது. விரலால் தேய்த்தாலே நுண்துகள்களாக உதிர்கின்றது. ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரிலுள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, நீர்வாழ் சிற்றுயிர்கள் அத்துகள்களை உட்கொள்வதையும், அவற்றினின்று கசியும் வேதிப்பொருள்கள் அவ்வுயிர்களுக்குத் தீங்கு செய்வதையும் எடுத்துக்காட்டியது. இங்கிலாந்து நாட்டின் அரசத் தோட்டக்கலைக் கழகம் 2021-ஆம் ஆண்டு முதல் தன் மலர்க்காட்சிகளில் அக்கட்டியை விலக்கிவிட்டது. மேலைநாட்டு மலர்க்கலைஞர் சிலர் மீண்டும் கம்பிவலையையும் கென்சானையும் நாடுகின்றனர். ஒரு நாள் வாழும் மலரைக் காக்க, நெடுங்காலம் அழியாத குப்பையைப் படைப்பது முறையன்று என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

மாணவர்களே! புதிய கருவிகள் அனைத்தும் தீயவை என்பதோ, பழையவை அனைத்தும் நல்லவை என்பதோ இதன் கருத்தன்று. குளிர்ச்சாதனப் பெட்டி இன்றேல் தொலைநாடுகளுக்கு மலர் செல்லுதல் அரிது. ஆயினும், ஒரு கருவியை மதிப்பிடும்போது அது செய்யும் வேலையை மட்டும் நோக்கினால் போதாது; வேலை முடிந்த பின்னர் அது என்னாகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். வாழைநார் காம்பை நோகாமல் பற்றுகின்றது. மலருக்குப் பின்னே தன்னை மறைத்துக்கொள்கின்றது. மலர் வாடியபின் அம்மலரோடு தானும் மண்ணில் மக்கி, மற்றொரு வாழைக்கு உரமாகின்றது.

அடுத்த முறை பூச்சரம் வாங்கும்போது, மலரை மட்டும் நோக்காது, அதனைக் கட்டிய நாரையும் உற்று நோக்குங்கள். அந்நாரை வகிர்ந்த நகத்தையும், தளராமலும் அறுக்காமலும் இழுத்த விரலையும் எண்ணிப் பாருங்கள். பேரம் பேசிக் குறைக்கும் சில காசுகள் அவ்விரலின் உழைப்பிலிருந்தே குறைகின்றன என்பதையும் மறவாதீர்கள். பூவோடு சேர்ந்த நார் மணம் பெறுவது உண்மை. நார் இல்லையேல் பூ மாலையாகாது என்பதும் அதனோடொத்த உண்மையே.