சுவருக்குள் பிறந்த பாடல்கள்

வயிற்றுக்குச் சோறில்லை. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் யாருக்காவது பாட்டு வருமா? வந்தது. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் பிடியில் சிக்கிய ஐரோப்பிய யூதர்கள், தங்கள் யித்திஷ் மொழியில் கட்டிய பாடல்களைப் பற்றி இங்கே அறிந்து கொள்வோம்.

அம்மாவின் மொழி

யித்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. அதன் அடிப்படை பழைய ஜெர்மன். எபிரேயச் சொற்களும் ஸ்லாவிய மொழிச் சொற்களும் அதில் கலந்துள்ளன. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. வழிபாட்டுக்கு எபிரேயம், அடுப்படிக்கும் சந்தைக்கும் தாலாட்டுக்கும் யித்திஷ். அதைச் செல்லமாக 'மாமெ லோஷன்' என்பார்கள். 'அம்மா மொழி' என்று பொருள்.

இந்த மொழிக்கென்று தனி நாடு இருந்ததில்லை. போலந்து, லித்துவேனியா, உக்ரைன், ருமேனியா என்று பல இடங்களில் சிதறி வாழ்ந்தவர்கள், வெளியில் அந்தந்த நாட்டு மொழியைப் பேசினாலும் வீட்டில் இதைக் காத்து வந்தார்கள். போருக்கு முன் இதைப் பேசியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். போரில் கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையோர் யித்திஷ் பேசியவர்களே.

தச்சர் பார்த்த தீ

போலந்தின் கிராக்கோவ் நகரில் மோர்தெகாய் கெபிர்டிக் என்ற தச்சர் இருந்தார். பிறந்தது 1877-ல். பகலில் மரவேலை, ஓய்வு நேரத்தில் பாட்டு. இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. சிறிய குழலில் ஊதிக் காட்டுவார், நண்பர்கள் எழுதிக் கொள்வார்கள். தன் மூன்று பெண் குழந்தைகளுக்காகவும் பல பாடல்கள் கட்டினார்.

1930-களில் போலந்தில் யூதர்கள் மீது தாக்குதல்கள் பெருகின. 1938-ல் கெபிர்டிக் 'எரிகிறது' என்று பொருள்படும் பாடலை எழுதினார். ஊர் பற்றி எரிகிறது. மக்களோ கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். எழுந்து தீயை அணையுங்கள் என்று அவர்களை உலுக்குகிறது பாட்டு. மறு ஆண்டே போர் மூண்டது. 1942 ஜூன் 4 அன்று கிராக்கோவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பாடலோ, எதிர்த்துப் போராட முனைந்த இளைஞர்களின் வாயில் இருந்தது.

பழைய மெட்டு, புதிய சொல்

நாஜிகள் தாங்கள் பிடித்த நகரங்களில் யூதர்களை ஒரு மூலைக்குத் தள்ளி, சுவரோ வேலியோ போட்டு அடைத்தார்கள். இப்படி அடைக்கப்பட்ட பகுதியைத்தான் 'கெட்டோ' என்கிறோம். லோட்ஸ் நகரின் கெட்டோ 1940-ல் மூடப்பட்டது. அதற்குள்ளேயே பசியாலும் நோயாலும் 40,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அங்கே யாங்கெலே ஹெர்ஷ்கோவிட்ஸ் என்பவர் தெருத் தெருவாகப் பாடி வயிறு வளர்த்தார். ரொட்டிப் பங்கீட்டையும் கெட்டோ நிர்வாகத் தலைவரையும் கேலி செய்து பாடுவார், கூட்டம் சேர்ந்துவிடும்.

கெட்டோப் பாடல்களில் பல, ஏற்கெனவே எல்லோரும் அறிந்த மெட்டில் அமைந்தவை. காரணம் எளிது. தெரிந்த மெட்டு என்றால் கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதியும். காகிதம் வேண்டாம், வாத்தியம் வேண்டாம். காகிதத்தைப் பிடுங்கலாம், எரிக்கலாம். மனத்தில் உள்ள பாட்டை என்ன செய்ய முடியும்?

மயானத்தில் பாடலாமா?

இன்று லித்துவேனியாவின் தலைநகராக உள்ள வில்னியூஸை யூதர்கள் வில்னா என்பார்கள். யித்திஷ் கல்விக்குப் பேர்போன ஊர். 1941-ன் பிற்பாதியில் மட்டும் அந்நகரத்து யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோரைச் சுட்டுக் குவித்த இடம், ஊருக்கு வெளியே உள்ள போனார் காடு.

எஞ்சியவர்கள் இருந்த கெட்டோவில் 1942 ஜனவரியில் ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. பலர் கொதித்தெழுந்தனர். 'மயானத்திலா நாடகம் போடுவது?' என்று கண்டித்தனர். நியாயமான கோபம்தான். ஆயினும் நிகழ்ச்சி நடந்தது, அரங்கும் தொடர்ந்தது. எதிர்த்தவர்களிலேயே சிலர் பின்னர் மனம் மாறினார்கள்.

1943-ல் கெட்டோவில் நடந்த இசைப் போட்டியில் அலெக்சாண்டர் வோல்கோவிஸ்கி என்ற 11 வயதுச் சிறுவன் அமைத்த மெட்டு பரிசு பெற்றது. கவிஞர் ஷ்மெர்கே காச்செர்கின்ஸ்கி அதற்கு யித்திஷ் சொற்கள் எழுதினார். உருவம் தாலாட்டு. ஒரு தாய் குழந்தையை அமைதியாயிருக்கச் சொல்கிறாள். அப்பா போனாருக்குப் போனவர், திரும்பவில்லை. தூங்க வைக்கும் பாட்டே ஒப்பாரியாகவும் ஆகிவிடுகிறது. முடிவில் மட்டும் விடுதலை வரும் என்றொரு சிறு வெளிச்சம். மெட்டமைத்த சிறுவன் உயிர் பிழைத்து, அலெக்சாண்டர் தாமிர் என்ற பெயரில் இஸ்ரேலில் புகழ்பெற்ற பியானோ கலைஞராகி, 2019-ல் மறைந்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று வார்சா கெட்டோவில் யூதர்கள் ஆயுதமேந்தி எழுந்தார்கள். செய்தி வில்னாவை எட்டியதும் ஹிர்ஷ் கிளிக் என்ற இளங்கவிஞர், சோவியத் இசையமைப்பாளர்களான போக்ராஸ் சகோதரர்களின் மெட்டுக்கு ஒரு நடைப்பாட்டு எழுதினார். இதுவே கடைசிப் பயணம் என்று எண்ணாதே என்பது அதன் கருத்து. காட்டில் மறைந்து போரிட்டவர்களின் கீதமாயிற்று அது. கிளிக் எஸ்தோனியா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1944-ல் தப்பி ஓடியவரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. அவர் பாட்டை இன்றும் நினைவுக் கூட்டங்களில் எழுந்து நின்று பாடுகிறார்கள்.

காத்தவர்கள்

காச்செர்கின்ஸ்கி கெட்டோவிலிருந்து தப்பிக் காட்டுப் போராளிகளோடு சேர்ந்தார். போர் முடிந்ததும், உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் போய்ப் பாடச் சொல்லி எழுதிக் கொண்டார். அவர் தொகுத்த 200-க்கும் மேற்பட்ட பாடல்கள் 1948-ல் நியூயார்க்கில் நூலாக வந்தன. 1954-ல் அர்ஜென்டினாவில் விமான விபத்தில் அவர் இறந்தார்.

உக்ரைனின் கீவ் நகரில் மொய்செய் பெரெகோவ்ஸ்கி என்ற இசை ஆய்வாளரும் இதே பணியைச் செய்தார். சோவியத் அரசு 1950-ல் அவரைக் கைது செய்தது. தாம் சேர்த்தவை அழிந்துவிட்டன என்றே எண்ணி 1961-ல் இறந்தார். அழியவில்லை, 1990-களில் கீவ் நூலகத்தில் கிடைத்தன. அவற்றிலிருந்து சில பாடல்கள் 2018-ல் இசைத்தட்டாக வெளிவந்தன.

மயானத்தில் பாடலாமா என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை உண்டு. பாடியவர்கள் சாவை மறந்து பாடவில்லை. யார், எங்கே, எப்படிச் செத்தார்கள் என்பதைச் சொல்லவே பாடினார்கள். கல்லறை இல்லாத பலருக்கு இந்தப் பாடல்களே கல்லறை.

வீட்டில் கூடிப் பேச

1. போனார்ப் பாடல் ஏன் தாலாட்டாக அமைந்தது?
2. வில்னாவில் நீங்கள் இருந்திருந்தால் அந்த நிகழ்ச்சிக்குப் போயிருப்பீர்களா?
3. உங்கள் பாட்டி பாடும் தாலாட்டு எங்காவது எழுதப்பட்டுள்ளதா? இல்லையெனில் இந்த விடுமுறையில் கேட்டு எழுதுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றையும் மறவாமல் குறியுங்கள்.