விரல்கள் ஏன் விறைக்கின்றன?

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி. ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. திருத்தணியில் வண்டியை நிறுத்திவிட்டு, மின்சார ரயிலைப் பிடித்து, திருவள்ளூர், அம்பத்தூர்ப் பக்கம் காலை ஷிப்டுக்குச் செல்கிறவர்கள் இவர்களில் பலர். உங்கள் அண்ணனோ அப்பாவோகூட இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அந்த நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் 20 பாகை சென்டிகிரேடுக்குச் சற்று முன்பின்னாகக் காட்டும். வாசலில் கோலம் போடுகிறவர்களின் விரல்கள் இதனால் விறைத்துப் போவதில்லை. ஆனால் அதே தெருவிலிருந்து வண்டியில் கிளம்பியவருக்கு அரைமணி நேரத்தில் விரல் நுனிகள் மரத்துவிடுகின்றன. இருவரைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையும் ஒன்றுதானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

ஒட்டிக்கொண்டிருக்கும் காற்று

நம் தோலின்மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடல் வெப்பத்தால் அது சற்றுச் சூடாக இருக்கும். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆகவே இப்படலம் நமக்கு இயற்கை தந்த போர்வை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவர், காற்றே வீசாத காலையிலும் தமக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அதன் வேகம் வினாடிக்கு 11 மீட்டர். ஹேண்டில் பாரைப் பிடித்துள்ள கைகள்தாம் அதை முதலில் எதிர்கொள்கின்றன. சூடான படலம் தோன்றத் தோன்ற அடித்துச் செல்லப்படுகிறது. புதிய குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வருகிறது. சூடான தேநீரை நாம் ஊதி ஆற்றுவதும் இதே முறையில்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. எவ்வளவு வேகமாக வீசினாலும் 20 பாகைக் காற்று ஓர் உலர்ந்த பொருளை 20 பாகைக்குக் கீழே குளிர்விக்காது. விரைவாகக் குளிர்விக்கும், அவ்வளவே.

விரல்களுக்கு மட்டும் ஏன்?

இதற்குக் கணக்கே விடை சொல்கிறது. விரலையும் முன்கையையும் இரு உருளைகளாகக் கொள்ளுங்கள். ஓர் உருளையின் வளைபரப்பை அதன் கன அளவால் வகுத்தால் 4/விட்டம் என்று வரும். விரலின் விட்டம் 1.6 செ.மீ. என்றால் விடை 2.5. முன்கையின் விட்டம் 8 செ.மீ. என்றால் விடை 0.5. அதாவது, ஒவ்வொரு கன சென்டிமீட்டர் சதைக்கும் விரலில் ஐந்து மடங்கு பரப்பு வெளியே தெரிகிறது. வெப்பம் வெளியேற அத்தனை வாசல்கள்!

உடலும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்கிறது. குளிர் உறைத்ததும் கை, கால்களின் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம், மூளை முதலிய உறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்காக உடல் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு கையுறை மட்டும் அணிந்தால் முழுப் பயன் கிடைக்காது. காற்றுப் புகாத மேற்சட்டையும் கைகளுக்குச் சூடு தரும் ஒரு வழியே.

மரத்த விரலால் என்ன கேடு? வலக்கை விரல்கள் முன் பிரேக்கையும் இடக்கை விரல்கள் கிளட்சையும் இயக்குகின்றன. விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை வினாடி தாமதித்தால், அதற்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். பனிமூட்டத்தில் விளக்கில்லாத மாட்டு வண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தால், அந்த ஐந்தரை மீட்டர் உயிருக்கே விலையாகலாம்.

கையுறை சூடு தருமா?

தராது. அடுப்பைப் போல அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கை உண்டாக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் வைக்கிறது. இதற்கு இரண்டு வேலைகள் நடைபெற வேண்டும். உள்ளே அசையாத காற்றைச் சிறைப்பிடிக்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே நுழையாமல் தடுக்க வேண்டும்.

ஆர்.கே.பேட்டைப் பகுதியில் விசைத்தறி ஓசை கேட்காத ஊர் குறைவு. தறித் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் இடையே நுண்ணிய துளைகள் தெரியும். கம்பளி நூலால் பின்னிய கையுறையில் இத்துளைகள் இன்னும் பெரியவை. கம்பளி இழைகளுக்கிடையே நிறையக் காற்று தங்குவதால், வீட்டுத் திண்ணையில் அது நல்ல காப்பு. வண்டியிலோ எதிர்க்காற்று அத்துளைகளின் வழியே புகுந்து, சிறைப்பட்ட காற்றையெல்லாம் விரட்டிவிடுகிறது. தோலில் இத்தகைய துளைகள் இல்லை. எனவே மெல்லிய தோல் கையுறைகூட வண்டியில் தடித்த கம்பளியை வென்றுவிடும்.

இறுக்கமும் கூடாது. இறுக்கமான உறையில் காற்றுக்கு இடமில்லை. இரத்த ஓட்டமும் தடைப்படும். மிகத் தளர்ந்தாலோ பிடி நழுவும். விரலை மடக்கும்போது நுனியில் சிறிதளவு இடம் இருந்தால் போதும்.

ஈரம் என்னும் எதிரி

தண்ணீர் அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மேலும், ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பனியில் நனைந்த பருத்திக் கையுறை கையைக் காப்பதற்கு மாறாகக் குளிர்விக்கத் தொடங்குவது இதனால்தான். ஈரம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு மிகத் தடித்த உறையை அணிந்தால் உள்ளங்கை வியர்க்கும். அந்த வியர்வையும் கையைக் குளிர்விக்கும்.

கீழே விழுந்தால்?

விழப்போகும்போது நாம் நினைக்காமலே கைகள் முன்னால் நீளுகின்றன. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அவரிடமுள்ள இயக்க ஆற்றல் சுமார் 3,700 ஜூல். அதில் ஒரு பகுதி, உள்ளங்கை தார்ச்சாலையில் உராயும்போது வெப்பமாகவும் கிழிக்கும் வேலையாகவும் மாறுகிறது. பின்னல் கையுறை உடனே கிழிந்துவிடும். உறுதியான தோல் தான் தேய்ந்து, கையைக் காக்கும். தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில், உள்ளங்கைக் காயம் என்பது பல நாள் வருமான இழப்பு.

தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது, கையுறையைக் கட்டாயமாக்கவில்லை. ஆதலால் அதைத் தேர்ந்தெடுப்பது நம் அறிவைப் பொறுத்தது.

எதை வாங்குவது?

ஆர்.கே.பேட்டைக் குளிருக்கு மெல்லிய தோல் கையுறையே போதும். உள்ளங்கையில் இரட்டைத் தோலும் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டும் பட்டையும் இருக்க வேண்டும். பட்டை இல்லாத உறை விழுந்த வேகத்தில் கழன்றுவிடும். கடையிலேயே அணிந்து, ஒரு பிரேக் லீவரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 13594 என்ற எண் உறையின் உட்புறச் சீட்டில் இருந்தால், அது மோட்டார் சைக்கிளுக்கென்றே சோதிக்கப்பட்ட கையுறை என்று பொருள்.

உதகமண்டலத்திலுள்ள ஒருவருக்கு இதே விடை பொருந்துமா? அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. 1941-இல் அண்டார்க்டிகாவில் பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் அமெரிக்கர்கள், நீர் நிறைந்த சிறு பிளாஸ்டிக் உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, அது உறையும் நேரத்தை அளந்தனர். அவர்கள் தொடங்கிய கணக்கு 2001-இல் திருத்தப்பட்டது. அதன்படி 5 பாகைக் குளிரில் 40 கி.மீ. காற்று வீசினால், திறந்த தோலுக்கு ஏறத்தாழ −1 பாகைபோல் இருக்கும். (இக்கணக்கு 10 பாகைக்கு மேல் பொருந்தாது.) ஆகவே உதகையில் மூன்று அடுக்குகள் தேவை: வெளியே தோல், நடுவில் நீர் புகாத படலம், உள்ளே கம்பளி அல்லது பஞ்சு போன்ற அடுக்கு. குளிருக்கேற்ப உள்ளடுக்கு மாறலாம். உள்ளங்கைத் தோலின் உறுதி மட்டும் எந்த ஊரிலும் குறையக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு சிறு புட்டிகளில் 60 பாகை வெந்நீரைச் சம அளவு நிரப்புங்கள். முதல் புட்டியை அப்படியே விடுங்கள். இரண்டாவதைக் கம்பளித் துணியாலும், மூன்றாவதைக் கம்பளி சுற்றி அதன்மேல் பாலிதீன் உறையாலும், நான்காவதை ஈரமான பனியன் துணியாலும் மூடுங்கள். நான்கையும் மேசை விசிறியின் முன் வரிசையாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். நேரத்தை X அச்சிலும் வெப்பநிலையை Y அச்சிலும் கொண்டு வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு மிகச் செங்குத்தாக இறங்குகிறது? விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் செய்தால் எந்த இரு கோடுகள் நெருங்கி வருகின்றன?

சிந்தித்துப் பாருங்கள்

1. ஐந்து விரல்களும் ஒரே பைக்குள் இருக்கும் உறை அதிகச் சூடாக இருக்கும். ஏன்? வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஏன் பயன்படாது?

2. விடியற்காலையில் ரப்பர் கைப்பிடியும் உலோக பிரேக் லீவரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. தொட்டால் லீவர் மட்டும் ஏன் அதிகம் சில்லிடுகிறது?

3. நாற்பதிலிருந்து அறுபதுக்கு வேகத்தைக் கூட்டினால், விழுந்தால் சந்திக்க வேண்டிய இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகிறது? விடையை வண்டி ஓட்டும் அண்ணனிடமும் சொல்லுங்கள்.