ஜெர்மன் மொழிப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் வெளியீடும் ஆவணக் காப்பும்

முன்னுரை

ஆய்வேடு ஏற்கப்பட்டு வாய்மொழித் தேர்வும் நிறைவுற்றதும் ஆய்வாளர் முனைவர் பட்டத்திற்கு உரியவராகிவிடுகிறார் என்பது பொதுவான எண்ணம். ஜெர்மனியின் நடைமுறை இதனின்று வேறுபட்டது. ஆய்வேடு வெளியிடப்பெற்று, விதித்த படிகள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கப்பட்ட பின்னரே அங்குப் பட்டச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பெயருக்கு முன் 'டாக்டர்' என இட்டுக்கொள்ளும் உரிமையும் அதன் பின்னரே கிடைக்கிறது. இடைப்பட்ட காலத்திற்கு 'டாக்டர் டெசிக்னாட்டஸ்', அதாவது பட்டத்திற்குக் குறிக்கப்பட்டவர், என்னும் அடைமொழியைச் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. எனவே வெளியீடு அங்குத் தேர்வின் இறுதி உறுப்பாகவே அமைகிறது. இவ்வுறுப்பு தோன்றிய சூழலையும் அதன் பயன் வெளிப்படும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுக் கடப்பாடு

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் சில, விண்ணப்பித்தவர் நேரில் வாராமலேயே கட்டணம் பெற்றுக்கொண்டு முனைவர் பட்டம் வழங்கி வந்தன. வரலாற்றறிஞர் தியோடோர் மொம்சென் 1876இல் 'ஜெர்மனியின் போலி டாக்டர்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரை இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடியது. ஆய்வேட்டைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. தேர்வாளர் இருவர் மூவர் மட்டுமே கண்ட ஏட்டைக் கொண்டு பட்டத்தின் தகுதியைப் பிறர் அளவிட இயலாது என்பதே இதன் அடிப்படை.

அச்சான ஏடுகள் பரவுவதற்கான வழி அதற்கு முன்பே அமைந்திருந்தது. பல்கலைக்கழக வெளியீடுகளைத் தம்முள் மாற்றிக்கொள்ளும் பரிமாற்றச் சங்கம் 1817இல் மார்பர்க் நகரில் தோன்றியது. 1885/86ஆம் கல்வியாண்டு முதல் ஜெர்மன் பல்கலைக்கழக வெளியீடுகளின் ஆண்டு அட்டவணை வெளிவரலாயிற்று. ஓர் ஊரில் ஏற்கப்பட்ட ஆய்வேடு பிற ஊர் நூலகங்களிலும் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் ஹாம்பர்க் நூலகம் ஏறத்தாழ 7,00,000 தொகுதிகளை இழந்தது. இத்தகைய பேரழிவுகளிலும் பல ஏடுகள் அடியோடு அழியாமைக்குப் படிகள் பரவிக் கிடந்தமையே காரணம். முதல் உலகப்போரையும் அதனைத் தொடர்ந்த பணவீக்கத்தையும் ஒட்டி அச்சுக் கடப்பாடு தளர்த்தப்பட்ட ஆண்டுகளின் ஏடுகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவற்றுட் பல தட்டச்சுப் படிகளாக, மிகச் சிலவே எஞ்சின.

பொதுவாசிப்பு தேர்வாளரின் கண்ணுக்குத் தப்பியதையும் காட்டும். ஐன்ஸ்டைன் சூரிச் பல்கலைக்கழகத்தில் அளித்த, மூலக்கூறுகளின் அளவு பற்றிய ஆய்வேடு 1905இல் பெர்ன் நகரில் அச்சாயிற்று. 1906இல் 'அனாலன் டெர் ஃபிசிக்' இதழிலும் வெளிவந்தது. சோதனை முடிவுகளோடு அது ஒத்துவராமையால் லுட்விக் ஹோப்ஃப் கணக்கை மீளச் சரிபார்த்துப் பிழையைக் கண்டறிந்தார். ஐன்ஸ்டைன் 1911இல் திருத்தம் வெளியிட்டார். முறைப்படி ஏற்கப்பட்ட ஏட்டிலேயே அப்பிழை இருந்தது.

ஆஸ்திரிய முறை

ஆஸ்திரியாவில் கடப்பாட்டின் மையம் அச்சன்று, ஒப்படைப்பு. 2002ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கப்படுவதற்கு முன் ஆய்வேட்டின் முழுப்படி பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கப்பட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடாயின் ஆஸ்திரிய தேசிய நூலகத்திற்கும் ஒரு படி உரியது. ஆய்வாளரின் சட்டவழி அல்லது பொருளியல் நலன் பாதிக்கப்படும் எனக் காட்டினால் அதிகபட்சம் 5 ஆண்டுகள் பயன்பாட்டைத் தடுத்துவைக்கலாம். ஒப்படைப்பு மட்டுமே போதுமாயின் ஏடு காக்கப்படும். வாசகரைச் சென்றடையுமா என்பது வேறு வினா. கவிஞர் இங்கெபோர்க் பாக்மன் ஹைடெகர் மெய்யியலின் விமர்சன ஏற்பைப் பற்றி எழுதி 1950இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேடு நூலாக வந்தது 1985இல், அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னர்.

மின்வெளியீடு

ஜெர்மனியில் மாநிலக் கல்வி அமைச்சர்களின் நிலைப் பேரவை 1977இல் வகுத்த வெளியீட்டு நெறிகள் 1997இல் திருத்தப்பட்டு மின்வடிவமும் ஏற்கப்பட்டது. ஜெர்மன் தேசிய நூலகம் 1998 முதல் மின் ஆய்வேடுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் வழங்கப்படுவதை ஊக்குவித்து வருகிறது. இணைய முகவரி மாறினும் ஏட்டினைக் கண்டடைய அவ்வெண் உதவும். ஆயினும் மானுடவியல் துறைகளில் நூல்வடிவ விருப்பம் குறையவில்லை. பதிப்பகம் வழி வெளியிடுவோர்க்குக் குறைந்தது 150 படிகள் என்னும் வரையறை பல விதிமுறைகளில் உண்டு; அச்சுச் செலவில் பெரும்பங்கு பெரும்பாலும் ஆய்வாளர் தலையிலேயே விழுகிறது. பட்டத்தின் விலையில் இதுவும் ஒரு பகுதி எனலாம்.

பிற்காலச் சோதனை

பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடோர் சு குட்டன்பெர்க்கின் பைராய்ட் பல்கலைக்கழக ஆய்வேடு 2009இல் நூலாக வெளிவந்தது. 2011 பிப்ரவரியில் சட்டப் பேராசிரியர் ஒருவர் அதற்கு மதிப்புரை எழுத முற்பட்டபோது சான்று காட்டாத எடுப்புகளைக் கண்டார். தன்னார்வலர் பலர் பக்கம் பக்கமாக ஒப்பிட்டனர். அம்மாதமே பட்டம் திரும்பப் பெறப்பட்டது. மார்ச் 1 அன்று அவர் பதவி விலகினார். கல்வி அமைச்சர் ஆனெட் ஷாவானின் வழக்கு இன்னும் கருதத்தக்கது. டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் 1980இல் பட்டம் பெற்ற ஆய்வேடு அது. 2013 பிப்ரவரியில் துறைக்குழு பட்டத்தைத் திரும்பப் பெற்றது. 2014 மார்ச்சில் நிர்வாக நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது. 33 ஆண்டுகளுக்குப் பின்னரும் மூல ஏட்டை எவரும் எடுத்து ஒப்பிட முடிந்தமையே இவ்விரு வழக்குகளுக்கும் பொதுவான அடிப்படை.

முதுகலை ஆய்வேடுகளின் நிலை வேறு. ஜெர்மனியில் அவை பொதுவாகத் தேர்வு ஆவணங்களாகவே கருதப்படுவதால் வெளியீட்டுக் கடப்பாடு இல்லை; குறித்த காலம் தேர்வு அலுவலகத்தில் இருந்து பின்னர் அழிக்கப்படுவதும் உண்டு. ஆஸ்திரியச் சட்டமோ அவற்றையும் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கச் சொல்கிறது.