மேட்டில் திணறும் கார்

வயிற்று வலி என்று வருபவரிடம் நல்ல வைத்தியர் உடனே மருந்தை நீட்டுவதில்லை. “உண்ணுமுன் வலிக்கிறதா, உண்டபின் வலிக்கிறதா?” என்று கேட்கிறார். கார் எஞ்சினுக்கும் இம்முறை பொருந்தும். “வண்டி இழுக்கவில்லை” என்பது நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறியே. எப்பொழுது இழுக்கவில்லை என்று கேட்டால்தான் நோய் புலப்படும். விடுமுறை தோறும் தில்லியிலிருந்து முசூரிக்குக் கார் ஓட்டிச் செல்லும் மாணவ நண்பர்கள் நம்மிடையே பலர். மலைப்பாதையில் லாரியை முந்தும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்கினால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேறவும் வேண்டும். மேட்டில் பளு கூடுவதால் இவையனைத்தின் தேவையும் மிகுகிறது. ஆகவே சமவெளியில் மறைந்திருந்த குறை மலையில் வெளிப்பட்டுவிடுகிறது.

முதலில் இயற்கையான இழப்பைப் பிரித்தறிவோம். முசூரி கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழப்பது இயல்பு. ஆனால் இவ்விழப்பு உயரத்துக்கேற்பச் சீராக வருவது. மிதித்ததும் தயங்குவதும், வெட்டி வெட்டி இழுப்பதும் உயரத்தின் குற்றமல்ல.

இனி அறிகுறிகளைக் காண்போம்.

ஒன்று: நின்றபடி ஓடும்போது நடுக்கம், வேகம் கூடினால் சரியாகிறது. காற்று செல்லும் குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம். எஞ்சின் குறைவாகக் காற்றிழுக்கும் போதுதான் கசிவின் பங்கு பெரிதாகிறது.

இரண்டு: நின்றால் நலம், மேட்டில் அழுத்தினால் தயக்கம். பெட்ரோல் போதவில்லை என்று ஐயுறலாம். வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்ப் நலிந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் இதே அறிகுறி தோன்றும்.

மூன்று: உயர்ந்த கியரில் மெதுவாக ஏறுகையில் குலுக்கல். தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் மிகும்போது பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை. தேய்ந்த பிளக்கும் விரிசல் கண்ட காயிலும் அங்கே தோற்றுவிடும். மழை நாளில் இது மிகும்.

நான்கு: சூடேறச் சூடேற இழுவை குறைகிறது, எவ்வளவு மிதித்தாலும் சுற்று ஏற மறுக்கிறது. புகைக்குழாயிலுள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கக்கூடும்.

என் விடுதி நண்பர் ஒருவரின் பழைய காருக்கு இரண்டாம் வகை நோய். டேராடூன் வரை ஓடிய கார் அதற்குமேல் திணறியது. ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினர். மற்றொன்றில் காயிலை மாற்றினர். நண்பரின் மாதச் செலவுப் பணம் கரைந்தது, திணறல் போகவில்லை. பின்னர் ஸ்டியரிங்கின் அடியிலுள்ள சோதனைத் துளையில் சிறு ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தினோம். நண்பர் ஓட்ட, நான் பக்கத்திலிருந்து எண்களைக் குறித்தேன். எஞ்சின் கணினி தானாகக் கூட்டிக்கொடுக்கும் பெட்ரோலின் அளவு, நின்ற நிலையில் 3 விழுக்காடு. மேட்டிலோ 20 விழுக்காட்டைத் தாண்டியது. காற்றுக் கசிவானால் இது நேர்மாறாக இருந்திருக்கும்.

அடுத்து ஒரு மெக்கானிக்கிடம் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொன்னோம். அக்காருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ இருக்க வேண்டும். நின்றபோது அது இருந்தது. பளு ஏறியதும் 2 கிலோவுக்குக் கீழே இறங்கியது. அழுத்தம் குறையாமல் இருந்திருந்தால் காற்றுச் சென்சாரை ஐயுற்றிருப்போம். டாங்கைத் திறந்து பார்த்தபோது உள்ளிருந்த வடிகட்டி சேறாக அடைத்திருந்தது. அதை மாற்றியபின் கார் மேட்டில் தயங்கவில்லை.

ஸ்கேனர் பி 0171 என்று குறியீடு காட்டினால், பெட்ரோலுக்குக் காற்று மிஞ்சிவிட்டது என்பதே பொருள். எந்த உறுப்பு கெட்டது என்று அது கூறாது. பி 0300 என்றால் சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்கின்றித் தவறுகிறது என்று பொருள். அதற்கும் காரணங்கள் பலவுண்டு. குறியீட்டைக் கண்டதும் உறுப்பை மாற்றுவது பணத்தை வீணாக்குவதேயாகும்.

ஆதலால் நண்பர்களே, உங்கள் கார் தயங்கினால் ஐந்து செய்திகளைத் தாளில் எழுதுங்கள்: எந்த வேகம், எந்தக் கியர், எஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, டாங்கில் எவ்வளவு பெட்ரோல். அத்தாளை மெக்கானிக்கிடம் கொடுத்து, முடிந்தால் அவரை உடனழைத்துச் சென்று அதே மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். பழுது தீரும்வரை மலைப்பாதையில் எவ்வண்டியையும் முந்தாதீர்கள்.