நின்றபடியே எரியும் டீசல்: மின்னோட்டவியலுக்கு ஒரு லாரிக் கணக்கு

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் மின்திறன், மின்னாற்றல் கணக்குகளுக்கு மின்விளக்கையும் சலவைப் பெட்டியையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் நான், அவற்றுடன் ஒரு லாரியையும் சேர்த்துக்கொண்டேன். என் வகுப்பில் பலர் லாரி ஓட்டுநர், கிளீனர், பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடநூலில் உள்ள சூத்திரங்களை அவர்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்றில் பொருத்திப் பார்க்க மூன்று பாடவேளைகள் ஒதுக்கினேன்.

கரும்பலகையில் எழுதிய கேள்வி இதுதான்: இரவில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கும் ஓட்டுநருக்குக் குளிர்ச்சி வேண்டும். அதற்காக விடிய விடிய இன்ஜினை ஓடவிடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி 2025இல் நடைமுறைக்கு வந்துள்ளது. வெயிலில் வண்டி ஓட்டுவோருக்கு இது நல்ல செய்தி. ஆனால் வழக்கமான லாரி ஏசியின் கம்ப்ரசரைச் சுழற்றுவது இன்ஜினில் மாட்டிய பெல்ட். இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும்.

முதல் பாடவேளை: எவ்வளவு தேவை, எவ்வளவு எரிகிறது?

இந்தச் சிக்கலை அமெரிக்கா முன்பே சந்தித்திருக்கிறது. அங்கு சரக்கு லாரி ஓட்டுநர் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். ஓய்வு பெரும்பாலும் கேபின் படுக்கையில்தான். அங்குள்ள பெரிய லாரி இன்ஜின், வண்டி நின்ற நிலையில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் குடிக்கும். எங்கள் கணக்கில் ஓய்வை 8 மணி நேரம் என்று வைத்தோம்.

எரியும் டீசல்: 3 × 8 = 24 லிட்டர்.
ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி, அதாவது 10 யூனிட். ஆக, 240 யூனிட்.
கேபினைக் குளிர்விக்கும் சிறிய மின் ஏசி சராசரியாக 500 வாட் எடுத்தால்: 500 × 8 = 4000 வாட் மணி, அதாவது 4 யூனிட்.

4 யூனிட் வேலைக்கு 240 யூனிட் எரிபொருள்! எரிபொருளின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் அப்படியே ஒப்பிடுவது சரியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டீசலை மின்சாரமாக மாற்றும்போது முக்கால் பங்கு வெப்பமாக வீணாகும் என்று வைத்தாலும் 16 யூனிட், அதாவது 1.6 லிட்டர் போதும். மீதி எங்கே போகிறது என்று கேட்டேன். உராய்வு, ரேடியேட்டர், புகைக்குழாய் என்று மாணவர்களே பட்டியலிட்டார்கள். நம் ஊர் இன்ஜின்கள் சிறியவை, செலவு குறையும். மணிக்கு 2 லிட்டர் என்று வைத்து மறுபடி கணக்கிடச் சொன்னேன். அப்போதும் 160 யூனிட் வந்தது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளிவரும். 24 லிட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர், அங்கே தூங்கும் ஓட்டுநர்தான்.

இரண்டாம் பாடவேளை: ஐந்து குழு, ஐந்து வழி

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு மாற்று வழியைக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவும் தன் வழியின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

1. துணை இன்ஜின்: ஏசிக்கும் விளக்குக்கும் மட்டும் ஓடும் சிறிய டீசல் இன்ஜின். மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர். செலவு மூன்றில் ஒன்றாகும்; ஆனால் எடையும் விலையும் உண்டு, புகை முற்றிலும் நிற்காது.

2. டீசல் ஹீட்டர்: குளிர்ப் பிரதேசங்களுக்கு ஏற்றது. மணிக்குக் கால் லிட்டர் அளவே போதும். சூடாக்க மட்டுமே உதவும்.

3. பேட்டரி ஏசி: பகலில் வண்டி ஓடும்போது தனி பேட்டரிகளில் சேமித்து இரவில் பயன்படுத்துவது. சத்தமில்லை, புகையில்லை. பேட்டரியின் விலை அதிகம்.

4. நிறுத்துமிட மின் இணைப்பு: லாரி நிற்கும் இடத்தில் பிளக் வசதி. 4 யூனிட் மின்சாரத்தோடு வேலை முடியும். ஆனால் அந்த வசதி உள்ள இடத்தில்தான் வண்டி நிற்க வேண்டும்.

5. வெப்பத்தைத் தடுப்பது: நிழலில் நிறுத்துதல், கண்ணாடிக்குத் திரை, கூரையில் வெப்பம் கடத்தாப் பொருள், சிறிய மின்விசிறி.

மூன்றாம் குழுவின் கணக்கு பாடநூலுக்கு மிக நெருக்கமானது. லாரியில் 12 வோல்ட், 120 ஆம்பியர் மணி பேட்டரிகள் இரண்டு தொடரிணைப்பில் உள்ளன என்று கொள்வோம். மின்னழுத்தம் கூடி 24 வோல்ட் ஆகும். ஆம்பியர் மணி 120 ஆகவே இருக்கும். மாணவர்கள் இரண்டையும் கூட்டி 240 என்று எழுதுவார்கள். அங்கே நிறுத்தி விளக்க வேண்டும். மொத்த ஆற்றல் 24 × 120 = 2880 வாட் மணி. காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யப் பாதியை மிச்சம் வைத்தால், கிடைப்பது 1440 வாட் மணி. 500 வாட் ஏசி மூன்று மணி நேரம்கூட ஓடாது. தனி பேட்டரி ஏன் தேவை என்பது சூத்திரத்திலிருந்தே புரிந்துவிடுகிறது.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "எங்க அப்பா ஓட்டுற வண்டியில ஏசியே கிடையாது டீச்சர். கேபின் மேல ஏறித்தான் படுப்பாரு" என்றாள். வகுப்பு அமைதியானது. அதன் பிறகு ஐந்தாம் குழுவின் வழியை எல்லோரும் சேர்ந்து கணக்கிட்டோம். 24 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓட 192 வாட் மணி போதும். இருக்கும் பேட்டரியே தாங்கும். ஏசி இல்லாத பழைய வண்டிக்கும் இன்றே செய்யக்கூடிய வழி இதுதான்.

மூன்றாம் பாடவேளை: சோதனையும் விவாதமும்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உட்புறம் தெர்மோகோல் ஒட்டி, வெளியே வெள்ளைத் தாள் சுற்றுங்கள். மற்றதற்குக் கறுப்புத் தாள் மட்டும். இரண்டிலும் வெப்பநிலைமானி செருகி, அரை மணி நேரம் வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையச் செய்யுங்கள். வெப்பம் உள்ளே வராமல் தடுத்தால் ஏசியின் வேலையும் குறையும் என்பதை வரைபடமே காட்டும்.

ஒரு பாதுகாப்புச் செய்தியை மறக்காமல் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வட மாநிலங்களுக்குச் செல்வோர், கேபினை மூடிக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டக் கூடாது. முழுமையற்ற எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிடப் பல மடங்கு உறுதியாகப் பிணைந்துகொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே போகக்கூடும். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னதாக மூன்று பேர் மறுநாள் தெரிவித்தார்கள்.

இறுதியில் ஒரு விவாதம். கலிபோர்னியாவில் படுக்கை வசதியுள்ள லாரிகளும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இன்ஜினை வெறுமனே ஓடவிடக் கூடாது என்ற விதி 2008 முதல் உள்ளது. நம் நாட்டிலும் அப்படித் தடை போட்டால் போதுமா? மாற்று வழி தராமல் தடை மட்டும் போட்டால் ஓட்டுநருக்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவர் மறுநாள் ஓட்டும் வண்டி சாலையில் போகும் எல்லோருக்கும் ஆபத்து என்றது ஒரு தரப்பு. தடை வந்தால்தான் முதலாளிகள் மாற்று வழிக்குச் செலவு செய்வார்கள் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருப்பதால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. 24 வோல்ட் பேட்டரியில் 4000 வாட் மணி சேமிக்க எத்தனை ஆம்பியர் மணி தேவை?
2. உங்கள் ஊர் டீசல் விலையில், 24 லிட்டருக்கும் 4 யூனிட் மின்சாரத்துக்கும் உள்ள செலவு வேறுபாடு என்ன?
3. பகலில் ஓடும் வண்டி பேட்டரியை நிரப்புவதும் டீசலால்தான். அப்படியிருந்தும் அது ஏன் சிக்கனம்?

கடலோரப் பள்ளிகளில் விசைப்படகையும், டெல்டாப் பகுதியில் பம்புசெட்டையும் வைத்து இதே பாடத்தை நடத்தலாம். செய்ய வேண்டிய வேலை எவ்வளவு, அதற்காக எரிப்பது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளை மட்டும் மாற்றாதீர்கள். தங்கள் குடும்பம் பிழைக்கும் தொழிலை அளந்து பார்க்கக் கற்ற பிள்ளைகள், சூத்திரத்தைத் தேர்வுக்குப் பிறகும் மறப்பதில்லை.